உயிரோடு இருப்பதற்கு ஒரு சான்று: மணியார்டரில் இருந்து முகம் பார்க்கும் போன் வரை

சில வருடங்களுக்கு முன்பு வரை, நவம்பர் மாதம் வந்தால் உடுமலைப்பேட்டையில் பஞ்சாலைகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களுக்கு ஒரு கவலை வந்துவிடும். தீபாவளிச் செலவு அல்ல. உயிர்ச் சான்று! "நான் உயிரோடுதான் இருக்கிறேன்" என்று அரசாங்கத்துக்கு நிரூபிக்க வேண்டும். நிரூபிக்காவிட்டால் சில மாதங்களில் பென்ஷன் நின்றுவிடும். ஆள் உயிரோடு நடமாடிக்கொண்டிருப்பார், கணக்கில் மட்டும் இருக்கமாட்டார்.

கேட்டால் சிரிப்பு வரலாம். ஆனால் பணம் கொடுப்பவர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. இறந்துபோனவர் பெயரில் வருடக்கணக்கில் பணம் போனால் அது யார் பணம்? அதனால் சரிபார்ப்பது பென்ஷன் கொடுக்கும் பல நாடுகளிலும் ஏதோ ஒரு வடிவத்தில் உண்டு. கேள்வி அதுவல்ல. சரிபார்க்க யார் நடக்க வேண்டும்? எழுபத்தைந்து வயதுக்காரரா, அலுவலகமா? கடந்த அறுபது வருடங்களில் இந்தக் கேள்விக்கு நம் ஊரில் கிடைத்த பதில்கள் பலமுறை மாறியிருக்கின்றன. அந்த வரலாறு படிக்க வேண்டிய ஒன்று. இணையதளம் வடிவமைக்கப் படிக்கும் மாணவர்களுக்கு இன்னும் முக்கியம்.

முதலில் நடந்தது அரசாங்கம்தான். 1962 ஏப்ரல் 1ஆம் தேதி அன்றைய சென்னை மாநிலத்தில் முதியோர் ஓய்வூதியத் திட்டம் தொடங்கியது. காமராஜர் முதலமைச்சராக இருந்த காலம். (உத்தரப் பிரதேசம் 1957லேயே இதைத் தொடங்கிவிட்டது.) ஆதரவற்ற முதியவருக்கு மாதம் 20 ரூபாய். அந்தப் பணம் மணியார்டரில் வீட்டுக்கு வரும். தபால்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டு, திண்ணையில் உட்கார்ந்திருக்கும் அமுச்சியிடம் கைநாட்டு வாங்கிக்கொண்டு பணத்தை எண்ணிக் கொடுப்பார். அமுச்சி இறந்துவிட்டால் பணம் திரும்பிப் போய்விடும். அவ்வளவுதான் உயிர்ச் சான்று! தனியாக ஒரு காகிதமோ, படிவமோ, வரிசையோ கிடையாது. பணம் வருகிற வழியே சரிபார்க்கிற வழியாகவும் இருந்தது.

இதில் குறையே இல்லையா என்றால், இருந்தது. பத்து இருபது பிடித்துக்கொண்டுதான் கொடுக்கிறார்கள் என்ற முணுமுணுப்பு தமிழ்நாடு முழுவதும் கேட்டதுதான். மனு போட்டவர் விஏஓ, ஆர்ஐ, தாசில்தார் என்று மூன்று இடங்களில் அலைந்த பிறகுதான் முதல் மணியார்டரே வரும். ஆனால் ஒருமுறை வர ஆரம்பித்துவிட்டால் பிறகு முதியவர் நடக்க வேண்டியதில்லை.

தொகை மெல்ல மெல்ல உயர்ந்தது. 1995 ஆகஸ்ட் 15ல் மத்திய அரசும் தேசிய முதியோர் ஓய்வூதியத் திட்டம் என்று 75 ரூபாய் பங்கோடு உள்ளே வந்தது. தமிழ்நாட்டில் 2011ல் 1,000 ரூபாய், 2023ல் 1,200 ரூபாய். இடையில் 2010களின் தொடக்கத்தில் மணியார்டர் போய் வங்கிக் கணக்கு வந்தது. பிடித்தம் பற்றிய புகாருக்கு அது ஒரு தீர்வுதான். ஆனால் தபால்காரர் வாசலுக்கு வருவதும் அதோடு நின்றது. முதியவர் வங்கிக்கு நடக்க ஆரம்பித்தார்.

இது ஆதரவற்றோருக்கான பென்ஷன். பஞ்சாலைத் தொழிலாளியின் கதை வேறு.

உடுமலையைச் சுற்றி நூற்பாலைகள் பெருகியதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. கோவையின் பஞ்சாலை வளர்ச்சி பொள்ளாச்சி, உடுமலை என்று தெற்கே நீண்டது. ரிங் பிரேமில் சைடராகவும், சிம்ப்ளெக்ஸிலும், கார்டிங்கிலும் மூன்று ஷிப்ட் பார்த்து வாழ்க்கையை ஓட்டிய குடும்பங்கள் இங்கே ஏராளம். இவர்களுக்காக வந்தது 1995 நவம்பர் 16ல் தொடங்கிய தொழிலாளர் ஓய்வூதியத் திட்டம். பத்து வருட சேவை இருந்தால் 58 வயதில் பென்ஷன். தொகையைக் கேட்டால் பெருமூச்சுதான் வரும். குறைந்தபட்சம் மாதம் 1,000 ரூபாய் என்பதே 2014 செப்டம்பரில்தான் வந்தது. (திருப்பூர் பனியன் கம்பெனிகளில் பீஸ் ரேட்டில் ஓடி ஓடி வேலை பார்த்த பலருக்கு அதுவும் இல்லை. அவர்கள் வயதான பிறகு தாலுகா ஆபீஸ் வாசலுக்குத்தான் வந்தார்கள்.)

இந்த ஆலைப் பென்ஷன்காரர்கள் அப்போது வருடந்தோறும் நவம்பரில் வங்கிக்குப் போய் மேனேஜர் முன்னால் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. மேனேஜர் முகத்தைப் பார்த்துவிட்டு படிவத்தில் சீல் வைப்பார். வரிசை நீளம்தான், வெயிலும்தான். ஆனால் அங்கே ஒரு மனிதர் இன்னொரு மனிதரைப் பார்த்தார். "போன வருசம் வீட்டுக்காரரும் வந்தாரே?" என்று கேட்கிற அளவுக்குப் பழக்கம் இருக்கும். படுத்த படுக்கையாக இருந்தால் வங்கியில் இருந்து ஒருவர் வீட்டுக்கு வந்து பார்ப்பதும் உண்டு.

இதற்கிடையில் ஊருக்கே முகவரி மாறியது! 2009 பிப்ரவரியில் திருப்பூர் மாவட்டம் உருவானபோது உடுமலை கோவை மாவட்டத்தில் இருந்து அதற்குள் போனது. அதுவரை பெரிய மனு என்றால் பொள்ளாச்சி வழியாகக் கோவைக்கு பஸ் ஏறியவர்கள், இனிமேல் பல்லடம் வழியாகத் திருப்பூருக்கு ஏற வேண்டும். பழைய பென்ஷன் ஆவணங்களில் கோயம்புத்தூர் மாவட்டம் என்றும், புதியவற்றில் திருப்பூர் மாவட்டம் என்றும் இருக்கும். ஊர்ப் பெயரையே ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதுவார்கள். மனிதர்கள் படிக்கிறவரை இது ஒரு பிரச்சினையே இல்லை. கம்ப்யூட்டர் படிக்க ஆரம்பித்ததும் பிரச்சினை ஆனது.

அரசு இணையதளங்களின் ஆரம்ப காலத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். 2000களின் தொடக்கத்தில் ஒரு தமிழ் அரசுப் பக்கத்தைத் திறந்தால் முதலில் எழுத்துரு இறக்கச் சொல்லும். இறக்காவிட்டால் கட்டம் கட்டமாகவோ, கிறுக்கலாகவோ தெரியும். 1999ல் சென்னையில் நடந்த தமிழிணையம் மாநாட்டில் டாம், டாப் என்ற குறியீடுகளும் தமிழ்99 விசைப்பலகையும் வந்தன. ஆனாலும் ஒவ்வொரு துறையும் ஒவ்வொரு எழுத்துருவில் இருந்தது. 2010 ஜூனில், கோவையில் செம்மொழி மாநாடு நடந்த சமயத்தில்தான், தமிழக அரசு யூனிகோடை அதிகாரப்பூர்வமாக ஏற்று ஆணை வெளியிட்டது. அதுவரை தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த முதியவருக்கு "இணையத்தில் தமிழில் இருக்கிறது" என்பது பாதி உண்மைதான்.

2009ல் மத்திய அரசு தன் இணையதளங்களுக்கு ஒரு வழிகாட்டி நெறிமுறை வெளியிட்டது. பார்வைக் குறைபாடு உள்ளவர்களும் முதியவர்களும் பயன்படுத்தும்படி பக்கங்கள் இருக்க வேண்டும் என்பது அதன் முக்கிய நோக்கங்களில் ஒன்று. அரசுப் பக்கங்களின் மூலையில் சின்ன எழுத்து, நடு எழுத்து, பெரிய எழுத்து என்று மூன்று பட்டன்கள் இருக்குமே, அந்தக் காலத்து வரவுதான் அது. நல்ல எண்ணம்தான், சந்தேகமில்லை. ஆனால் அந்த பட்டனே கண்ணுக்குத் தெரியாத அளவில் இருப்பதை என்னவென்று சொல்வது! வயதானவருக்கான வடிவமைப்பு என்றால் எழுத்தைப் பெரிதாக்குவது என்று பல காலம் நினைத்திருந்தார்கள். எழுத்தின் அளவு பிரச்சினையில் ஒரு சின்னப் பகுதிதான் என்பது 2014க்குப் பிறகு தெரிந்தது.

2014 நவம்பர் 10ஆம் தேதி பிரதமர் மோடி ஜீவன் பிரமாண் என்ற மின்னணு உயிர்ச் சான்றைத் தொடங்கி வைத்தார். ஆதார் எண், கைபேசி எண், பென்ஷன் ஆணை எண், வங்கிக் கணக்கு எண் நான்கையும் கொடுத்துவிட்டு கைரேகையோ கருவிழியோ வைத்தால் போதும். வங்கி வரிசை வேண்டாம், சீல் வேண்டாம். காகிதத்தில் பார்த்தால் பிரமாதமான யோசனை. வெளிநாட்டிலும் வெளியூரிலும் பிள்ளைகள் வீட்டில் தங்கியிருக்கும் பென்ஷன்காரர்களுக்கு நிஜமாகவே பெரிய விடுதலை. மறுக்க முடியாது.

இரண்டு மூன்று வருடத்தில் வைப்பு நிதி அலுவலகமும் ஆலைப் பென்ஷன்காரர்களிடம் காகிதச் சான்றுக்குப் பதிலாக இதையே கேட்க ஆரம்பித்தது. அங்கேதான் முட்டியது.

முப்பது வருடம் பஞ்சிலும் நூலிலும் இருந்த விரல். இழை அறுந்தால் ஓடும் மெஷினிலேயே விரலால் முடிச்சுப் போட்டுப் பிடித்த விரல். சாயப்பட்டறையில் கெமிக்கல் தண்ணீரில் ஊறிய விரல். வயதானாலே தோல் சுருங்கி ரேகை மங்கும். உடல் உழைப்பாளிக்கு அது இன்னும் சீக்கிரம் தேய்ந்துவிடும். கருவியின் கண்ணாடியில் விரலை வைத்தால் "பொருந்தவில்லை". துடைத்துவிட்டு மறுபடி வைத்தால் "பொருந்தவில்லை". பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்க்க வேண்டும். அந்த விரல் தேய்ந்த வேலைக்காகத்தான் பென்ஷன், அந்த விரல் தேய்ந்ததால்தான் பென்ஷன் வருவதில் சிக்கல்!

அடுத்தது பெயர். ஆலைப் பதிவேட்டில் இனிஷியல் முன்னால், ஆதாரில் அப்பா பெயர் பின்னால். பென்ஷன் ஆணையில் ஒரு எழுத்து கூட, வங்கியில் ஒரு எழுத்து குறைவு. திருத்த வேண்டுமானால் கோவையில் இருக்கும் வைப்பு நிதி அலுவலகம் வரை அலைய வேண்டி வரும்.

கேள்விகளைப் பாருங்கள். படிவத்தில் "மறுபடி வேலைக்குச் சேர்ந்தீர்களா?", "மறுமணம் செய்தீர்களா?" என்று இரண்டு இடங்கள் உண்டு. கணவர் இறந்த பிறகு குடும்ப பென்ஷன் வாங்கும் எழுபது வயது அம்மாவிடம், பிரவுசிங் சென்டரில் கூட்டத்துக்கு நடுவே ஒரு சின்னப் பையன் "மறுமணமாங்கம்மா?" என்று கேட்பது எப்படி இருக்கும்? கேட்கக் கூச்சப்பட்டு அவனே ஏதாவது ஒன்றை அமுக்கிவிட்டால் இன்னும் மோசம். அந்த ஒரு டிக் தவறினால் பென்ஷனே கேள்விக்குறி. விதிப்படி தேவையான கேள்விதான். ஆனால் அதை யார் வாயால், எந்த இடத்தில், யாரிடம் கேட்கப்படும் என்று வடிவமைத்தவர்கள் யோசிக்கவில்லை.

அந்தப் பையன் என்று சொன்னதில்தான் விஷயமே இருக்கிறது. அந்த இணையதளம் பென்ஷன்காரரே கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து செய்வார் என்ற நினைப்பில் எழுதப்பட்டது. நிஜத்தில் பெரும்பாலும் செய்தது பேத்தி, மருமகள், பக்கத்து வீட்டுப் பையன், இ-சேவை மையத்துப் பெண். ஓடிபி வருவது மகன் போனில். மகன் இருப்பது திருப்பூரில் பனியன் கம்பெனி ஷிப்டில். அந்த நேரத்தில் அவர் போனை எடுக்கமுடியாது, ஓடிபி காலாவதி ஆகிவிடும். பக்கத்தின் கண்ணில் இவர்கள் யாருமே இல்லை. தமிழில் இவர்களுக்கு ஒரு தனிப் பெயர்கூட நிலைக்கவில்லை பாருங்கள். பராமரிப்பாளர் என்று புத்தகத்தில் எழுதுவார்கள். ஆஸ்பத்திரியில் "பேஷண்ட் கூட யாருங்க இருக்கீங்க?" என்பார்கள். கூட இருப்பவர், அவ்வளவுதான்.

மற்ற நாடுகள் என்ன செய்தன? அமெரிக்காவில் தேசிய முதுமை ஆய்வு நிறுவனமும் தேசிய மருத்துவ நூலகமும் சேர்ந்து 2003ல் முதியோருக்கென்றே ஒரு உடல்நலத் தளம் தொடங்கின. பெரிய எழுத்து, எளிய வாக்கியம், ஒரு பக்கத்துக்கு ஒரு செய்தி, படித்துக் காட்டும் வசதி. 2017ல் அது தனித் தளமாக இருப்பது முடிவுக்கு வந்தது. கிழவர்களுக்குத் தனித் தளம் என்பதைவிட எல்லாத் தளமும் அவர்களுக்குப் பொருந்துவதே சரி என்ற எண்ணம் அதற்குள் பரவியிருந்தது.

பிரிட்டன் கதை இன்னும் சுவாரஸ்யம். அங்கே வீட்டில் முதியவரையோ நோயாளியையோ பார்த்துக்கொள்பவருக்கே அரசு உதவித்தொகை உண்டு. 1976ல் தொடங்கியது. வேடிக்கை என்னவென்றால் திருமணமான பெண்களுக்கு அது கிடையாது! வீட்டில் இருப்பவள் எப்படியும் பார்த்துக்கொள்ளத்தானே போகிறாள் என்ற நினைப்பு. ஒரு பெண் ஐரோப்பிய நீதிமன்றம் வரை போய் வழக்கு நடத்திய பிறகு 1986ல்தான் அது மாறியது. 2012ல் பிரிட்டன் அரசு தன் நூற்றுக்கணக்கான தளங்களை ஒரே தளமாக்கத் தொடங்கியபோது, முதலில் திருத்தி எழுதத் தேர்ந்தெடுத்த இருபத்தைந்து சேவைகளில் இந்த உதவித்தொகை விண்ணப்பமும் ஒன்று. விண்ணப்பிப்பவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து, தேவையில்லாத கேள்விகளை வெட்டினார்கள். ஏறக்குறைய பாதிக் கேள்விகள் போயின!

அதோடு கதை சுபமாக முடிந்ததா? இல்லை. அந்த உதவித்தொகை வாங்குபவர் வாரத்துக்கு இவ்வளவுதான் சம்பாதிக்கலாம் என்று ஒரு வரம்பு. ஒரு பவுண்டு கூடினாலும் அந்த வார உதவித்தொகை முழுவதும் போய்விடும். இது தெரியாமல் பகுதி நேர வேலை பார்த்தவர்களிடம் வருடங்கள் கழித்து ஆயிரக்கணக்கான பவுண்டுகளைத் திருப்பிக் கேட்டார்கள். பெரிய எதிர்ப்பு கிளம்பி 2024ல் தனி ஆய்வுக்கு உத்தரவிட்டது அரசு. விண்ணப்பம் அழகாக, சுலபமாக இருந்தது. அடியில் இருந்த விதி பழையபடியே இருந்தது.

நம் ஊரில் அடுத்து நடந்த மாற்றங்களில் உருப்படியானவை முதலில் விதியில்தான் நடந்தன. ஆலைப் பென்ஷன்காரர் நவம்பரில்தான் சான்று கொடுக்க வேண்டும் என்பதை 2019-20ல் தளர்த்தினார்கள். எந்த மாதம் கொடுத்தாலும் அங்கிருந்து ஒரு வருடம் செல்லும். ஒரே வரி மாற்றம்! இணையப் பக்கத்தில் ஒரு பட்டன்கூட நகரவில்லை. ஆனால் நவம்பர் வரிசையே கலைந்து பன்னிரண்டு மாதமாகப் பிரிந்தது. மத்திய அரசுப் பென்ஷன்காரர்களில் 80 வயது தாண்டியவர்கள் அக்டோபரிலேயே கொடுக்கலாம் என்பதும் 2019ல் வந்ததே.

பிறகு 2020 நவம்பர். கொரோனா காலம். அஞ்சல் துறையின் பேமெண்ட்ஸ் வங்கி, வீட்டுக்கே வந்து மின்னணு உயிர்ச் சான்று எடுக்கும் சேவையைத் தொடங்கியது. அப்போது கட்டணம் 70 ரூபாய். வருபவர் யார்? தபால்காரர்! அன்று மணியார்டர் பையோடு வந்தவர், இப்போது கைபேசியும் ரேகைக் கருவியும் கொண்டு வருகிறார். ஐம்பத்தெட்டு வருடம் சுற்றி அதே திண்ணைக்குத் திரும்பி வந்தாயிற்று. 2022ல் தமிழக அரசு ஓய்வூதியர்களின் வருடாந்திர நேர்காணலுக்கும் இந்த வழி திறந்தது. 1962ல் இது இலவசம் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

2021 நவம்பரில் முக அடையாள முறை வந்தது. 2022 ஜூலையில் வைப்பு நிதி அலுவலகமும் அதைத் தன் பென்ஷன்காரர்களுக்குத் திறந்துவிட்டது. விரல் வேண்டாம், கருவி வேண்டாம். சாதாரண ஆண்ட்ராய்டு போன் கேமரா முன்னால் முகத்தைக் காட்டிக் கண்ணைச் சிமிட்டினால் போதும். (போட்டோவைக் காட்டி ஏமாற்றக்கூடாது என்பதற்குத்தான் சிமிட்டல்.) தேய்ந்த விரல்காரர்களுக்கு இதைவிட நல்ல செய்தி இருக்க முடியாது. வைப்பு நிதி அலுவலகக் கணக்குப்படி 2022-23ல் 2.1 லட்சம் பேரும், 2023-24ல் 6.6 லட்சம் பேரும் இந்த வழியில் சான்று கொடுத்தார்கள்.

ஆனால் இந்தச் செயலியில் முகத்தைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. பலரும் கவனிப்பதில்லை. திறந்ததும் முதலில் "ஆபரேட்டர்" யார் என்று கேட்கும். ஆபரேட்டர் தன் ஆதாரையும் முகத்தையும் ஒருமுறை பதிவு செய்ய வேண்டும். அதன் பிறகு பென்ஷன்காரரின் விவரம். பென்ஷன்காரரே ஆபரேட்டராகவும் இருக்கலாம், வேறொருவரும் இருக்கலாம். ஒரே ஆபரேட்டர் பலருக்குச் செய்து கொடுக்கலாம். அதாவது, பேத்திக்கு முதல்முறையாக அந்தத் திரையில் ஒரு இடம் கிடைத்தது! ஒரு வீட்டில் அப்பாருக்கும் அப்பத்தாளுக்கும், அடுத்த வீட்டுத் தாத்தாவுக்கும் ஒரே பெண் ஒரே போனில் செய்து முடிக்கலாம். அதற்கு வைத்த பெயரைப் பாருங்கள், ஆபரேட்டராம். மில்லில் மெஷின் ஓட்டுபவரை அப்படித்தான் அழைப்பார்கள். பெயர் போகட்டும். கூட இருப்பவர் கணக்கில் வந்துவிட்டார்.

இதே எண்ணம் ரேஷன் கடையிலும் எட்டிப் பார்த்தது. 2020 அக்டோபரில் தமிழ்நாட்டு ரேஷன் கடைகளுக்குக் கைரேகை வந்தபோது, கடைக்கு வரமுடியாத முதியவர் தனக்குப் பதிலாக ஒருவரை நியமித்து எழுதிக் கொடுக்க ஒரு படிவமும் கூடவே வந்தது. 2025 ஆகஸ்டில் தாயுமானவர் திட்டம் என்று 70 வயது தாண்டியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் பொருளையே வீட்டுக்குக் கொண்டுபோகத் தொடங்கினார்கள். 2021 முதல் 14567 என்ற முதியோர் உதவி எண்ணும் இருக்கிறது. போன் போட்டுப் பேசலாம், பக்கம் எதுவும் திறக்க வேண்டாம். பாஸ்வேர்டு மறக்கும் பயமும் இல்லை.

இன்னும் தீராதவையும் உண்டு. முகம் காட்டும் வழிக்கு இரண்டு செயலிகள் இறக்க வேண்டும், ஒன்று மட்டும் இறக்கினால் வேலை ஆகாது. ஏன் இரண்டு என்று எந்தத் தாத்தாவுக்கும் புரியவைக்க முடியாது. ஆதாரில் இருப்பது பல வருடத்துக்கு முந்தைய முகம், பக்கவாதம் வந்தபின் இருப்பது வேறு முகம். இணையம் வேண்டும். உடுமலை தாலுகாவிலேயே ஆனைமலைக் காட்டுக்குள் தளிஞ்சி, குருமலை, குழிப்பட்டி என்று மலைவாழ் மக்களின் குடியிருப்புகள் இருக்கின்றன. அங்கே இருக்கும் முதியவர் ஒரு கையெழுத்துக்குக் காட்டு வழியே கீழே இறங்கி வர வேண்டும், அல்லது கீழே இருப்பவர் மேலே ஏற வேண்டும். எந்தச் செயலியும் அந்தத் தூரத்தைக் குறைப்பதில்லை.

2021 மார்ச்சில் மத்திய அரசு ஒரு அறிவிப்பு வெளியிட்டது. ஜீவன் பிரமாணுக்கு ஆதார் கட்டாயம் அல்ல, விருப்பப்பட்டவர்கள் கொடுக்கலாம், கொடுக்காதவர்களுக்கு வேறு வழி காட்ட வேண்டும் என்று. அந்த வேறு வழி பெரும்பாலும் பழைய காகிதம்தான். விதியில் குறிப்பிட்ட அதிகாரி ஒருவர் நேரில் பார்த்து, "இவர் இன்று உயிருடன் இருக்கிறார்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, தேதி வைத்து, சீல் அடிக்கும் அந்த ஒரு பக்கம்.